டிஷ்ஷைத் துடைத்த காவலாளி

தேயிலைக் குன்றின் மேலிருந்த வானொலிக் கோபுரத்துக்கு அவர் காவலாளி. ஒல்லியான உடம்பு, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தோளில் சிவப்புத் துண்டு. கோலாலம்பூர் ஒலிபரப்பைச் செயற்கைக்கோள் வழியாக வாங்கி மலையெங்கும் மறுபடி ஒலிபரப்பும் கருவிகளைப் பொருத்த நான் போயிருந்தேன். டிஷ்ஷில் பனி ஈரம் படிந்தால், யாரும் சொல்லாமலே அந்தத் துண்டால் துடைப்பார்.

"நம்ம லைன்ல கேக்கும்தான, மேடம்? வீட்டுக்காரிக்குக் கண்ணு போயிடுச்சி. நான் இங்க வந்துட்டா அவளுக்குக் கேக்க ஒரு பேச்சுக் குரலே கிடையாது."

"கேக்கும் அண்ணே," என்றேன். குன்றின் பின்சரிவில் அவர் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளை நான் பார்த்ததுகூட இல்லை.

என் சோதனைப் பட்டியலில் மூன்று இடங்கள்: டவுன், கியா பார்ம், திரிங்காப். மூன்றிலும் தெளிவாகக் கேட்டது, மூன்றுக்கும் குறியிட்டேன். அவர் தன் சின்ன ரேடியோவோடு வீட்டுக்கு இறங்கிப் போய், மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"வெறும் இரைச்சல்தான் மேடம்."

ஆன்டெனாக்கள் எல்லாம் டவுன் பக்கம் பார்ப்பதை விளக்கினேன். பின்பக்கம் ஒன்று வைக்க மேலிடத்தில் கேட்கிறேன் என்றேன்.

"விடுங்கலா மேடம். டவுனுக்கு ஸ்ட்ராபெரி வாங்க வர்றவங்க கார்ல நல்லா கேப்பாங்க."

மேலிடத்தில் கேட்டேன். அந்த இடம் பட்டியலில் இல்லை என்று பதில் வந்தது. பட்டியலை எழுதியவள் நான்.

அடுத்த மாதம் பராமரிப்புக்குப் போனபோதும் அவர் டிஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார், அதே துண்டால், ஓரம் விடாமல். பின்சரிவில் அப்போதும் வெறும் இரைச்சல்தான்.