சுண்டு விரலில் தொடங்கிய பதில்

ஆண்டவருக்குள் என் உடன்பிறப்புகளாகிய உங்கள் எல்லாருக்கும் அன்பின் வணக்கம். இதைச் சபையில் எழுந்து நின்று சொல்லும்படி போதகர் ஐயர் கேட்டுக்கொண்டார். இரண்டு முறை முயன்றேன். முதல் வரியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதனால் எழுதித் தருகிறேன்.

சென்ற அக்டோபரில் என் மகள் ஜெர்லினுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. மழைக்காலத்தில் வருகிற காய்ச்சல்தானே என்று திருவொற்றியூரிலேயே டாக்டரிடம் காட்டி மருந்து கொடுத்தோம். மூன்றாம் நாள் காலையில் பல் துலக்கிவிட்டு வந்தவள் என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கக்கூடச் செய்தேன். அடுத்த நொடி வலிப்பு வந்து கீழே விழுந்தாள்.

என் கணவர் காலடிப்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். ஷட்டரைக்கூட இறக்காமல் ஓடி வந்தார். துறைமுகத்துக்குப் போக வரிசையாக நின்ற கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் நின்று நின்றுதான் போக முடிந்தது. சைரன் அலறியும் வழி இல்லை. என் மடியில் பிள்ளையின் தலை. அவள் வாயோரம் நுரையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியவில்லை.

மூளைக்காய்ச்சல் என்றார்கள். தொண்டைக்குள் குழாய் வைத்து, மயக்க மருந்து கொடுத்து, மிஷின் மூலம் மூச்சு விட வைத்தார்கள். பிறகு ஒருநாள் மயக்க மருந்தை நிறுத்தினார்கள். அவள் கண் திறந்தாள். ஆனால் பார்வை எங்கேயோ இருந்தது. டாக்டர் அம்மா அவள் உள்ளங்கையில் தன் விரலை வைத்து, "ஜெர்லின், அழுத்துடா கண்ணு" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் அழுத்தவில்லை. நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

அந்த டாக்டர் நல்லவர். என்னை உட்கார வைத்துத்தான் சொன்னார். உயிருக்கு இருந்த ஆபத்து குறைகிறது. ஆனால் மூளை எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது. பேச்சு வருமா, நம்மை அடையாளம் தெரியுமா, எதற்கும் இப்போதே உறுதி தர முடியாது. நான் தலையை ஆட்டினேன். வெளியே வந்து நடைபாதையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

அன்று நான் செய்த ஜெபம் மிகச் சின்னது. சுகம் தாரும் என்று கேட்கக்கூட நாக்கு எழவில்லை. "ஆண்டவரே, என் பிள்ளை உள்ளே இருக்கிறாளா? அதை மட்டும் எனக்குச் சொல்லும்." அவ்வளவுதான். அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதில் எந்த வழியாக வந்தது என்று புரிய, ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கிற எங்கள் ஓய்வுநாள் பள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் சபைக் கூடம் நெடுஞ்சாலையை ஒட்டியது. ஞாயிற்றுக்கிழமையும் லாரி ஓயாது. ஹாரன் அடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். சின்னப் பிள்ளைகள் வகுப்பை எடுப்பவர் சாலமோன் அண்ணன். காசிமேட்டுக்காரர். துறைமுகத்தில் கிரேன் டிரைவருக்குக் கீழே நின்று கையால் சிக்னல் காட்டுகிற வேலை. வகுப்பிலும் அவர் தொண்டை கிழியக் கத்த மாட்டார்.

"லாரிகூட கத்தி ஜெயிக்க முடியாதுடா. என் கைய பாரு," என்பார் பிள்ளைகளிடம். வசனம் ஒவ்வொன்றுக்கும் கை ஜாடை வைத்திருந்தார். பயம் என்றால் முஷ்டியை இறுக்கிக் காட்டுவார். உடனே பிள்ளைகள் தங்கள் முஷ்டியை உயர்த்தி, சுண்டு விரலில் ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக விரிக்க வேண்டும். பயப்படாதே என்று அதற்கு அர்த்தம். அவர் இரண்டு விரல்களைத் தள்ளித் தள்ளி வைத்துக் காட்டினால், பிள்ளைகள் இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்ட வேண்டும். ஆண்டவர் கூடவே இருக்கிறார் என்று அர்த்தம்.

ஏன் கட்டை விரலில் ஆரம்பிக்கக் கூடாது என்று ஒருநாள் கேட்டேன். "பயம் ஒரேயடியா போவாதுக்கா. சின்னதுலருந்துதான் வுடும்," என்றார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் பயந்தவள். ஆராதனை முடிந்ததும் மற்ற தாய்மார் வீட்டுக்குப் போய்விடுவார்கள். என்னால் முடியாது. அந்தச் சாலையை என் மகள் தனியாகக் கடப்பாள் என்று நினைக்கவே எனக்குப் பயம். போய்விட்டுத் திரும்பி வரலாம்தான். வருவதற்குள் வகுப்பு சீக்கிரம் முடிந்துவிட்டால்? அதனால் காய்கறிப் பையோடு பின் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன். இரண்டு வருடம் அப்படி உட்கார்ந்தேன். சபையில் ராணி என்னைச் சும்மா விட மாட்டாள். "இன்னா கிரேஸ் அக்கா, பாஸாயி மேல் கிளாஸ் போவப் போறியா, இல்ல இதே பெஞ்சுதானா?" என்பாள். என் கணவரோ, "சம்பளம் இல்லாத வாட்ச்மேன் வேலை பாக்கா," என்று மாமியாரிடம் போனில் சொல்லிச் சிரிப்பார். பையில் வெண்டைக்காயை வைத்துக்கொண்டு, ஹாரன் சத்தத்துக்கு நடுவே, பிள்ளைகளோடு சேர்ந்து நானும் விரலை விரித்துக்கொண்டிருப்பேன். யாரும் பார்க்காதபடி, மடிக்குள்.

இப்போது மருத்துவமனைக்கு வருகிறேன்.

மறுநாள் பிற்பகல், பார்க்கும் நேரத்தில் என்னை உள்ளே விட்டார்கள். என் முகத்தில் மாஸ்க். அவள் கண் திறந்திருந்தது. நான் கட்டிலோரம் நின்றேன். அழக்கூடாது என்று என்னை அடக்கிக்கொள்ள, வலக் கையை இறுக மூடி மாஸ்க்கின்மேல் அழுத்தியிருந்தேன். நான் ஜாடை காட்டவில்லை. அந்த நினைப்பே எனக்கு இல்லை. பயத்தில் மூடிய கை, அவ்வளவுதான்.

போர்வைமேல் கிடந்த அவளுடைய வலக் கை மூடிக்கொண்டது.

பிறகு சுண்டு விரல் மெதுவாக நிமிர்ந்தது. அடுத்த விரல். அதற்கடுத்தது. நடுவில் நின்றுவிட்டது. களைப்பு. மறுபடி ஒரு விரல்.

நர்ஸைக் கூப்பிட்டேன். வலிப்புக்குப் பிறகு விரல்கள் தானாக அசைவது உண்டு, நம்பி ஏமாந்துவிடாதீர்கள் என்று என் தோளைத் தொட்டுச் சொன்னாள். டாக்டர் அம்மா வந்தார். நான் உளறியதை முழுவதும் கேட்டார். "சரி, இன்னொண்ணு காட்டுங்க பாப்போம்," என்றார்.

நான் இரண்டு விரல்களைத் தள்ளி வைத்து அவள் கண்ணுக்கு நேரே காட்டினேன். காத்திருந்தோம். மிஷின் மட்டும் மூச்சு விட்டது. அவளுடைய இரண்டு விரல்கள் போர்வையில் தேய்ந்து நகர்ந்து ஒன்றோடு ஒன்று ஒட்டின.

டாக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாப்பா உள்ளதான் இருக்கா," என்றார்.

நான் ஆண்டவரிடம் கேட்ட அதே வார்த்தை. டாக்டர் அம்மாவுக்கு நான் என் ஜெபத்தைச் சொல்லியிருக்கவில்லை.

வெளியே வந்து சாலமோன் அண்ணனுக்குப் போன் செய்தேன். ஷிப்டில் இருந்தார். பின்னால் கிரேன் இரைச்சல். அழுதுகொண்டே கத்திச் சொன்னேன். அவர் ஒன்று மட்டும் கேட்டார்.

"சுண்டு விரல்லருந்தாக்கா தொறந்துச்சி?"

"ஆமாண்ணே."

"அப்ப நம்ம பாப்பாதான்," என்றார்.

குழாயை எடுத்தார்கள். பேச்சு மெல்ல மெல்ல வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீட்டுக்கு வந்தோம். இன்றும் சில வார்த்தைகள் அவளுக்குச் சட்டென்று அகப்படாது. இடக் கையில் பலம் குறைவு. இரவில் அவள் புரண்டு படுத்தாலும் எழுந்து பார்க்கிறேன். என் பயம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்துப் படுக்கையில் இருந்த பையன் வீடு திரும்பவில்லை. அவனுடைய அம்மாவும் நானும் ஒரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். அவர் ஜெபம் என்னுடையதைவிடக் குறைந்தது அல்ல. ஏன் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தாயின் பெயரைச் சொல்லாமல் நான் ஒருநாளும் நன்றி ஜெபத்தை முடிப்பதில்லை.

ஆனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லியாக வேண்டும். லாரி இரைச்சலில் ஒரு மனிதர் ஆறேழு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தது, என் மகளுக்கு வாய் அடைபட்டிருந்தபோது அவளுக்குள் அப்படியே இருந்தது. பயந்து போய் பின் பெஞ்சில் உட்கார்ந்தவளுக்கும் அது கொஞ்சம் ஒட்டியிருந்தது. நான் பயத்தால் உட்கார்ந்தேன். ஆண்டவர் அதையும் வீணாக்கவில்லை.

சாலமோன் அண்ணனுக்கு ஞாயிறு ஷிப்ட் விழுகிற வாரங்களில் முன்பு வகுப்பு இருக்காது. ஆள் இல்லை. இப்போது அந்த வாரங்களில் நான் எடுக்கிறேன். முதல் நாள் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. கல்லூரிப் பட்டம் வாங்கியிருந்தும் ஆறேழு பிள்ளைகளுக்கு முன்னால் வியர்த்துவிட்டது. பேச்சை விட்டுவிட்டு முஷ்டியை உயர்த்தினேன். நிஜமாகவே இறுகிய முஷ்டி. பிள்ளைகள் எல்லாரும் சிரித்துக்கொண்டே விரித்தார்கள்.

ட்யூஷன் இருக்கிறது என்று உங்கள் பிள்ளையை ஓய்வுநாள் பள்ளிக்கு வராமல் நிறுத்திவிடாதீர்கள். எனக்கு என்ன தெரியும் என்று நீங்களும் நின்றுவிடாதீர்கள். கற்றுக்கொடுக்கத் தயக்கமா? முதலில் வந்து உட்காருங்கள். பின் பெஞ்ச் காலியாகத்தான் இருக்கிறது. காய்கறிப் பையையும் கொண்டு வரலாம்.

ஜெர்லின் முன் வரிசையில் இருப்பாள். இரண்டு கையையும் உயர்த்துவாள். வலக் கை சீக்கிரம் விரிந்துவிடும். இடக் கை விரிந்து முடிக்கும்வரை நாங்கள் எல்லாரும் காத்திருப்போம். நீங்களும் வந்து எங்களோடு காத்திருங்கள்.