வரியைப் பிடிக்கச் சொன்னவர்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் வேலை செய்யும் வங்கிக்கு அந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு வருவார். எதையும் இருமுறை வாசிக்காமல் கையெழுத்திட மாட்டார்.

“வட்டி வரிச் சட்டம் மாறிட்டுதாம். பிடிச்ச வரியிலை எங்களுக்குத் திரும்பி வாறது கூடுமோ, பிள்ளை?”

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். விளக்கம் சொல்வதில் எனக்குப் பெருமை.

“உங்கடை வருமானத்துக்கு இந்தப் படிவத்தைத் தந்தால் வரியே பிடிக்கமாட்டம், ஐயா. முழு வட்டியும் மாதாமாதம் கைக்கு வரும்.”

“அப்ப திரும்பி ஒண்டும் வராது?”

“பிடிச்சால்தானே வரும்.”

இருமுறை வாசித்துவிட்டுப் படிவத்தை என்னிடமே தள்ளினார்.

“கைக்கு வந்தால் மகன் வாங்கிப்போடுவான். மனிசிக்குக் கண் ஒப்பரேசன் செய்ய வேணும். அரசாங்கத்திட்டைக் கிடந்தால் அவன் கேக்கேலாது. நீர் பிடியும்.”

அந்தப் பணம் எப்போது திரும்பும் என்று எனக்குத் தெரியாது. அவரும் கேட்கவில்லை. நான் சொன்ன கணக்கில் பிழையில்லை. இருந்தும் அன்று விளங்காமல் நின்றது அவரா நானா என்று இன்னும் குழம்புகிறேன்.