என் மனைவி நடத்திய ‘ஹேவ்’ பாடம்

2008இல் என் மனைவி சிதம்பரத்தில் பி.எட். படித்தாள். எனக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை. பத்தாவதோடு நின்றவன் நான். காலையில் அவளை பஸ் ஏற்றிவிட்டுத்தான் கடையைத் திறப்பேன்.

பயிற்சி வகுப்புக்கு ‘ஹேவ்’ என்ற வினைச்சொல்லை நடத்தும்படி அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். சாயங்காலம் கடையில் கூட்டம் இல்லாதபோது என்னையே மாணவனாக உட்காரவைத்து நடத்திப் பார்ப்பாள். பேனா இருந்தாலும் ஹேவ், காய்ச்சல் வந்தாலும் ஹேவ், தங்கச்சி இருந்தாலும் ஹேவ், டீ குடித்தாலும் ஹேவ். இத்தனைக்கும் ஒரே சொல்லா என்று கேட்டேன்.

“ஆமாங்க. தமிழ்ல எனக்குப் பேனா இருக்குன்னு சொல்றோம். பேனாதான் இருக்குது. இங்கிலீஷ்ல நாமதான் அத வெச்சிருக்கோம்” என்றாள்.

அது எனக்குப் பிடித்துப்போனது. ஆனால் அவள் சொன்ன உதாரணம் ஒன்று உறுத்தியது. ‘வீ ஹேட் டீ’, நாங்கள் டீ குடித்தோம். அந்த ‘வீ’ யார் என்று கேட்டேன். கூடப் படிக்கிறவர், முதுநகரில் ஏறுவார், நல்ல இங்கிலீஷ், இந்தப் பாடத்துக்கே அவர்தான் உதவினார் என்று சாதாரணமாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் நடத்தியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

அவள் பாடம் எடுக்கப்போன அன்று, சிதம்பரத்தில் மெஷினுக்கு டோனர் மை வாங்க வேண்டும் என்று பொய் சொல்லி நானும் பஸ் ஏறினேன். முதுநகரில் அவர் ஏறினார். என்னைவிட உயரம். மடிப்புக் கலையாத சட்டை. உட்கார இடமில்லை. எங்கள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றவர், என் தலைக்கு மேலாகக் கையை நீட்டித் தன் பையை அவளிடம் கொடுத்தார். அவளும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நிற்கிறவர் பையை உட்கார்ந்திருக்கிறவர் வாங்கிக்கொள்வது எல்லா பஸ்ஸிலும் நடப்பதுதான். ஆனால் அவர் கேட்காமல் கொடுத்ததும் இவள் பார்க்காமல் வாங்கியதும் என் வயிற்றை எரித்தன.

இருவரும் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். நடுவில் என்னை அறிமுகப்படுத்தினாள். அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

“டூ யூ ஹேவ் சில்ட்ரன், சார்?”

கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்த இங்கிலீஷ் எனக்கு நன்றாகவே புரிந்தது.

“ஐ ஹேவ் ஒய்ஃப்” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

“எ ஒய்ஃப்” என்று சிரித்தபடி திருத்தினார். அவளும் சிரித்துவிட்டாள்.

புதுச்சத்திரத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் கடலூருக்குத் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் நேராகக் கடைக்கு வந்தாள். “பஸ்ல யாரு பையக் குடுத்தாலும் வாங்கி வெப்பேன். அதுக்கா எறங்கிப் போனீங்க?” என்றாள். நான் பேப்பர் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். “உங்களுக்கு நான் இருக்கேன். நீங்க புடிச்சு வெச்சிருக்கறதால இல்ல. நானாத்தான் இருக்கேன்.”

அன்றைக்கு அது ஆறுதலாக இருந்தது. மறுநாள் அவளை ஏற்றிவிட்ட பஸ் முதுநகர்ப் பக்கம் திரும்பியதும் ஆறுதல் போய்விட்டது.

படிப்பு முடிந்து சிதம்பரத்தில் ஒரு பள்ளியில் அவளுக்கு வேலை கிடைத்தது. அதே பள்ளியில் அவருக்கும் கிடைத்தது. எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடும் அளவுக்குப் பழகினார். நானே பரிமாறுவேன். அவர் அவளுடைய சமையலைப் புகழ்ந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு தப்பும் அவரிடம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே பெரிய எரிச்சல்.

2011இல் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். அவருடைய வீட்டாரைவிட எனக்குத்தான் சந்தோஷம் அதிகம். புவனகிரியில் வரவேற்புக்கு முதல் ஆளாகப் போய் நின்றேன். மேடையில் என் மனைவியைப் பெண்ணிடம் காட்டி, இவங்க இல்லன்னா நான் பி.எட். முடிச்சிருக்க மாட்டேன் என்றார். பெண் சிரித்தாள். பிறகு என் மனைவியைத் தலையிலிருந்து கால்வரை மெதுவாக ஒருமுறை பார்த்தாள்.

அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணிடம் ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பின்னால் வரிசை நகரச் சொல்லி நெருக்கியது. “சாப்டியாம்மா?” என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கினேன்.