சிவாவின் அடையாள அட்டை

விடாமுயற்சி பற்றி யாராவது மேடையில் பேசத் தொடங்கினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

யுத்த காலத்தில் ஒருமுறை, நிலாவெளிக்கும் அப்பாலிருந்து திருகோணமலை நகர்வரை இருபத்தொரு கிலோமீற்றர் ஓட்டப்போட்டி வைத்தார்கள். சோதனைச் சாவடிகளில் மட்டும் ஓடக்கூடாது. நடந்துபோய் ஐசி எனப்படும் அடையாள அட்டையைக் காட்டிவிட்டுத்தான் மறுபடி ஓடவேண்டும். நண்பன் சிவாவின் காற்சட்டையில் பை இல்லை. அவனுடைய அட்டையையும் என்னுடையதோடு சேர்த்துப் பொலித்தீன் பையில் சுற்றி என் இடுப்பில் செருகியிருந்தேன். கடைசிவரை ஒன்றாக ஓடுவதாகப் பேச்சு.

பாதி வழியில் அவன் பின்தங்கினான். நான் காத்திருக்கவில்லை. அடுத்த சாவடியில் என் அட்டையைக் காட்டிவிட்டு ஓடினேன். இருநூறு மீற்றர் தாண்டியதும் இடுப்பில் பை உறுத்தியது. நின்று திரும்பிப் பார்த்தேன். சிவா சாவடியை நெருங்கிக்கொண்டிருந்தான். எனக்கு முன்னால் இரண்டே பேர்தான் ஓடினார்கள்.

நான் முன்னால் ஓடினேன்.

மூன்றாவதாக வந்தேன். என் விடாமுயற்சியைப் புகழ்ந்து கோப்பை தந்தார்கள். அதை வாங்கிய பிறகுதான் சைக்கிளில் திரும்பினேன். உச்சி வெயிலில், கொதிக்கும் தார் றோட்டில் சிவாவைச் சாவடிச் சிப்பாய்கள் முழங்காலில் இருத்தியிருந்தார்கள். அட்டையைக் காட்டியதும் விட்டார்கள்.

"எத்தினையாவதா வந்தனீ?" என்று கேட்டான்.

"மூண்டாவது. ஐசியைக் குடுக்க மறந்துபோனன் மச்சான்."

"நீ நிண்டு திரும்பிப் பாத்ததை நான் கண்டனான்."

அதை அவன் வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ இலேசாக இருந்திருக்கும்.