யாகப்பர் கட்டிய அமைச்சர் வேசம்

சிங்கராசா அண்ணையை இரண்டு வருடங்களுக்கு முன் பாரிசில் ஒரு ரயில் நிலையத்தில் சந்தித்தேன். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவிவிட்டு வந்து நின்றார். ஊரில் தான் எழுதி மேடையேற்றிய ஒரே நாடகத்தைப் பற்றி, இரண்டு ரயில்களைத் தவறவிட்டுக்கொண்டு பேசினார்.

"அப்பிடி ஒரு சனத்தை நான் பிறகு எங்கயும் காணேல்ல, தங்கச்சி. ஒரு வசனத்துக்கு ஊரே எழும்பினது."

எழும்பியது உண்மை. அதில் ஒருவருக்கு இடக்கண் போனதை அவர் சொல்லவில்லை. கண் போனவர் பெயர் யாகப்பர். போன மாதம் நான் மன்னாருக்குத் திரும்பி வந்தபோது அவர் கடற்கரையில் சாளைக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். மற்றவர்களிடமும் விசாரித்தேன். நாடகம் நடந்த அன்று எனக்குப் பதினொரு வயது. முன்வரிசையில் மணலில் இருந்தேன்.

பேசாலைக்கு மேற்கே, கடலோரமாக அறுபது வீடுகள் எங்கள் குடியிருப்பு. யாகப்பர் கரைவலை இழுப்பவர். முப்பது பேர் கயிற்றைப் பிடித்து இழுக்கும்போது தாளத்துக்கு அம்பா பாடுவது அவர்தான். குரல் அடுத்த மீன்பிடி வாடிவரை கேட்கும். அந்தக் குரலுக்காகவே ஒவ்வொரு தை மாதமும் கோயில் கூத்தில் ஏரோது மன்னன் வேசம் அவருக்கு வந்தது. பதினேழு வருடம் ஏரோது.

எங்கள் ஊரில் ஏரோதுக்கு ஒரு நேர்த்திக்கடன் உண்டு. குழந்தைகளை வெட்டச் சொல்லி அவன் கட்டளையிடும் இடத்தில் கூத்து நிற்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வருத்தம் வந்து நேர்ந்துகொண்ட தாய்மார் களரி ஓரத்துக்கு வந்து ஒரு பிடி கடல்மணலை அவன் முகத்தில் எறிவார்கள். ஏரோது கையால் முகத்தை மறைக்கக் கூடாது. கண்ணை மூடக் கூடாது. ஓரடி பின்வைக்கக் கூடாது. அசைந்தால் வருத்தம் பிள்ளையை விட்டுப் போகாது. எல்லோரும் எறிந்து முடிந்ததும், கோயில் வேலைகளைப் பார்க்கும் சங்கிலித்தாம் மணியை அடிப்பார். பிறகு ஒருவரும் எறிவதில்லை. பிள்ளை பெற்ற வீடு ஒன்றிலிருந்து சிரட்டையில் தாய்ப்பால் வாங்கிவந்து, யாகப்பரின் மனைவி எடித் அவர் கண்ணில் விடுவாள்.

பதினேழு வருடத்தில் யாகப்பர் ஒரு தடவையும் அசைந்ததில்லை. ஊரில் அவருக்கு இருந்த ஒரே பெருமை அது.

1985 ஆவணியில் சிங்கராசா அண்ணை யாகப்பர் வீட்டுக்கு வந்தார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு வந்து ஊரில் நின்றவர். உயிரோடு இருந்த இரண்டு அரசியல்வாதிகளை வைத்து நாடகம் எழுதியிருந்தார். ஒருவர் கொழும்பு அமைச்சர். மற்றவர் அவருக்குக் குடை பிடித்துத் திரிந்த எம்.பி. எம்.பி.யாகத் தானே நடிப்பதாகச் சொன்னார். அமைச்சருக்கு யாகப்பர் வேண்டும்.

"எனக்கு அரசியல் தெரியாது, தம்பி."

"தெரியத் தேவையில்லை. குரல் காணும்."

எடித் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏரோது செத்து ரண்டாயிரம் வருசம். இவன் உயிரோட இருக்கிறான். உயிரோட இருக்கிறவன்ர வேசத்தைக் கட்டாதேங்கோ."

"செத்தவனுக்கு மணல் எறியலாம், இருக்கிறவனுக்கு எறியக்கூடாதோ, அக்கா?" என்று சிங்கராசா சிரித்தார்.

யாகப்பர் சம்மதித்தார். அதற்குக் காரணம் இருந்தது. இருபது நாளைக்கு முன் கரைவலையில் மதலேனாவின் மகன் வந்திருந்தான். கடலுக்குள் போய் மீன்பிடிக்கத் தடை இருந்தும் வலைபோடப் போனவன். ரோந்துப் படகிலிருந்து சுட்டிருந்தார்கள். நெஞ்சில் மூன்று துளை, முகத்தை நண்டு தின்றிருந்தது. கயிற்றை இழுத்தவர்களில் யாகப்பரும் ஒருவர். பாரம் கூடியதும் நல்ல மீன்பாடு என்று நினைத்து இன்னும் உரத்து அம்பா பாடியவர். மதலேனா யாகப்பர் வீட்டிலிருந்து நாலாவது வீடு. கருவாடு போட்டுப் பிழைக்கும் கைம்பெண். ஒரே பிள்ளை.

ஆறு மணிக்கு ஊரடங்கு என்பதால் நாடகம் பின்னேரம் மூன்று மணிக்கு நடந்தது. எண்ணெய்ப் பீப்பாய்களின்மேல் பலகை போட்டு மேடை. பக்கத்தில் வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. யாகப்பர் வெள்ளை வேட்டியும் நீள்சட்டையும் போட்டு, வயிற்றில் தலையணை கட்டி, தலைமயிருக்குச் சுண்ணாம்பு பூசியிருந்தார்.

"யாகப்பர், எத்தினை மாசம்?" என்று சனத்துக்குள்ளிருந்து ஒருவர் கத்தினார்.

"பொம்பிளைப் பிள்ளை எண்டா எனக்குத் தா!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எம்.பி.யாக வந்த சிங்கராசா குடையோடு பின்னால் ஓடி, வேட்டித் தலைப்பால் அமைச்சரின் சப்பாத்தைத் துடைத்தார். மதலேனாகூடச் சிரித்ததாக என் அம்மா சொன்னாள். மதலேனா கறுப்புச் சேலையில், எனக்கு இரண்டு பேர் தள்ளி இருந்தாள்.

பிறகு அந்த வசனம் வந்தது. உண்மையான அமைச்சர் எங்கள் பக்கம் வந்தபோது ஒலிவாங்கியில் சொன்னது. ஊரே தன் காதால் கேட்டது. சிங்கராசா ஒரு சொல்லையும் மாற்றாமல் எழுதியிருந்தார். யாகப்பர் கைலேஞ்சியால் பிடரியைத் துடைத்தார். அமைச்சர் துடைத்தது போலவே.

"கடலில் சாகிறவன் மீனவன் அல்ல. மீனவன் என்றால் ஏன் சாகப்போகிறான்?"

சிரிப்பு நின்றுவிட்டது. முதல் பிடி மணலை யார் எறிந்தார்கள் என்று தெரியாது. ஒரு கணத்தில் பத்துக் கை, இருபது கை. தை மாதத்தில் பழகிய கைகள். மேடையில் நின்றவருக்கும் அதுதான் பழக்கம். யாகப்பர் கண்ணை மூடவில்லை. கையை உயர்த்தவில்லை. காலை ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"எம்.பி. ஓடீற்றான்! எப்பவும் போல ஓடீற்றான்!" என்று யாரோ கத்தினார்கள். சிங்கராசா குடையைப் போட்டுவிட்டு மேடைக்குப் பின்னால் குதித்திருந்தார்.

"இவன் நிக்கிறான் பார். எவ்வளவு திமிர்! ஒரு அசுமாத்தமும் இல்லை!"

ஓடியிருந்தால் விட்டிருப்பார்கள். குனிந்திருந்தால், "ஐயோ நான்தான்" என்று கத்தியிருந்தால் அது யாகப்பராகியிருக்கும். நிமிர்ந்து நின்றபடியால் அது அமைச்சராகவே நின்றது. மணி அடிப்பதற்கு அன்று யாரும் இல்லை. மணலுக்குப் பிறகு சிப்பி வந்தது. சிப்பிக்குப் பிறகு கல். பிறகு காய்ந்த வலைகளிலிருந்து ஈயக் குண்டுகளைப் பிய்த்து எறிந்தார்கள்.

மதலேனா கையை உயர்த்தியதை யாகப்பர் கண்டார். வேறு ஒருவரும் காணவில்லை. எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இடக்கண் கடைசியாகக் கண்டது அவளுடைய கையைத்தான். ஈயக் குண்டு நேரே வந்து கண்குழியில் இறங்கியது.

அவர் விழுந்த பிறகு ஆண்கள் மேடையில் ஏறினார்கள். துடுப்பால் அடித்தார்கள். காலையில் அவரோடு ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தவர்கள் அவர்கள். முழங்கை முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தலையணை கிழிந்து பஞ்சு பறந்தது, பிறகு பறக்கவில்லை; இரத்தத்தில் ஊறி ஒட்டிக்கொண்டது. எடித் அவர்களுடைய கால்களுக்கிடையில் புகுந்து அவர்மேல் விழுந்தாள். அவளுடைய முதுகிலும் இரண்டு அடி விழுந்தது.

"இது யாகப்பரடா! பேயன்களே, இது யாகப்பர்!"

துடுப்பு வைத்திருந்த அம்புறோஸ் குனிந்து பார்த்தான். பார்த்துவிட்டு மேடை ஓரத்துக்குப் போய் வாந்தி எடுத்தான்.

மூன்றாம் நாள் ஆசுப்பத்திரிக் கட்டிலருகே ஆமி அதிகாரி ஒருவன் மொழிபெயர்ப்பாளனோடு வந்து நின்றான். அமைச்சரைக் கேலி செய்து நாடகம் நடந்த செய்தி முகாமுக்குப் போயிருந்தது. அமைச்சர் வேசத்துக்கு அடித்தவர்களின் பெயர் அவனுக்கு வேண்டும். முக்கியமாக, கண்ணைக் குறிபார்த்து எறிந்தது யார்? ஒரு பெயர் போதும். கொழும்பில் கண்ணாடிக் கண் வைத்துத் தருவோம், வழக்கும் இல்லை.

யாகப்பருக்கு ஒன்று தெரிந்திருந்தது. மதலேனாவின் பெயரைச் சொன்னால் அவள் திரும்பி வரமாட்டாள். சொல்லாவிட்டால் தான் போகவேண்டும்.

"முரல் குத்தினது, ஐயா."

முரல் கூர்மூக்கு மீன். இரவில் வெளிச்சத்தைக் கண்டால் துள்ளி வந்து குத்தும். எங்கள் கரையில் அப்படிக் கண் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

"கையை முறிச்சதும் முரலோ?"

"அது வள்ளத்துக்குள்ள விழுந்தது."

கட்டோடு அவரை முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் குழாய்க்குள் மண் நிரப்பி உள்ளங்காலில் அடித்தார்கள். முறிந்த கையையே பிடித்துத் தூக்கினார்கள். கட்டை அவிழ்த்து, கண் இருந்த இடத்தில் சிகரெட்டை வைக்கப் போவதுபோல் காட்டி, ஒரு நாள் வைத்தும் விட்டார்கள். கேள்வி ஒன்றுதான். பதிலும் ஒன்றுதான். முரல். ஏழாம் நாளுக்குப் பிறகு அது உண்மை என்று தனக்கே தோன்றியதாக என்னிடம் சொன்னார். கடல், அரிக்கன் லாம்பு, துள்ளிய மீன், எல்லாம் கண்ணுக்குத் தெரிந்ததாம்.

பன்னிரண்டாம் நாள் காவலுக்கு வந்த ஒரு ஆமிக்காரன் சிலாபம் பக்கத்துக் கடற்கரைக்காரன். தன் சித்தப்பனுக்கும் முரல் குத்தித்தான் கண் போனது என்று அவன் அதிகாரியிடம் சொன்னானாம். அதிகாரிக்கும் அலுத்துவிட்டது. விட்டுவிட்டார்கள்.

அதுதான் பிழையாகிப் போனது. அந்தப் பன்னிரண்டு நாளுக்குள் பக்கத்து வாடியில் நாலு பொடியன்களை ஆமி பிடித்திருந்தது. முகாமுக்குப் போனவர்கள் திரும்பி வராத காலத்தில் யாகப்பர் நடந்து வந்தார்.

"முரல் கதையை ஆமி நம்பினதாம்!" என்று கிணற்றடியில் சிரித்தார்கள். எடித் வாளியை வைத்ததும் பேச்சு நின்றது. அவளுக்கும் அவர் முரல் என்றுதான் சொல்லியிருந்தார். அவள் மேடையில் இருந்து அவரைத் தூக்கியவள். ஆனாலும் எறிந்தது யாரென்று அவளிடமும் அவர் சொல்லவில்லை.

அவர் திரும்பி வந்த நாலாம் நாள் காலையில் இயக்கப் பொடியன்கள் மூன்று பேர் வந்தார்கள். அவரை இழுத்துக்கொண்டு போய் வலை காயப்போடும் மரத்தில் கட்டினார்கள். கழுத்தில் ஒரு மட்டை தொங்கியது. துரோகி என்று எழுதியிருந்தது. ஊரைக் கூப்பிட்டார்கள். நாடகம் பார்த்த அதே சனம், அதே மணலில் வந்து நின்றது. குந்தச் சொல்லியும் ஒருவரும் குந்தவில்லை.

மூவரில் பெரியவனுக்கு இருபது வயது இருக்கும். "பன்னிரண்டு நாள் உள்ளுக்க இருந்தவர். நாலு பேரைப் பிடிச்சாச்சு. இவரை மட்டும் ஏன் விட்டவங்கள்? ஆருக்கும் தெரியுமோ?"

எடித் அவன் காலைப் பிடித்தாள். "தம்பி, ஆளைப் பாருங்கோ, தம்பி. காட்டிக்குடுத்தவனை இப்பிடி அடிப்பாங்களோ?"

"அடிச்சாத்தானே அம்மா காட்டிக்குடுப்பினம்."

இரண்டாமவன் துவக்கின் பின்புறத்தால் யாகப்பரின் வாயில் இடித்தான். இரண்டு பல்லைத் துப்பினார். "என்ன கேட்டவங்கள்? சொல்லும்!"

"கண் எப்பிடிப் போனது எண்டு."

"நீர் என்ன சொன்னனீர்?"

"முரல் குத்தினது."

சனத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியவன் சுடுவதற்குத் துவக்கின் பூட்டை இழுத்துவிட்டான். அந்தச் சத்தம் எங்களுக்குத் தெரியும். அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்தினாள். மதலேனா கூட்டத்துக்குள் நிற்கும்போதும், தன் உயிர் அவள் பெயரில் தொங்கும்போதும் யாகப்பர் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அறுபது வீட்டுக்குத் தெரிந்துவிடும். அறுபது வீட்டில் ஒரு வீடாவது முகாமுக்குச் சொல்லும்.

மதலேனா முன்னுக்கு வந்தாள். கையில் செதில் ஒட்டியிருந்தது.

"அவனை அவிழ்த்து விடு. ஈயத்தால எறிஞ்சது நான்."

பெரியவன் திரும்பினான். "என்ன?"

"ஆமி கேட்டது ஒரு பேரைத்தான். ஆர் எறிஞ்சது எண்டு. அது நான். இவன் வாய் திறக்கிறவன் எண்டா முதல் போயிருக்கிறது நான். நான் இஞ்ச நிக்கிறன். கருவாடு போட்டுக்கொண்டு இருந்தனான், உங்கட கூப்பாட்டுக்கு எழும்பி வாறன்."

"அவருக்கு நீங்கள் எறிஞ்சது தெரியுமோ?"

"என்னைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவன். கையை உயர்த்தேக்க கண்டவன். குனிஞ்சிருக்கலாம்."

பெரியவன் யாகப்பரின் தாடையைப் பிடித்து நிமிர்த்தினான். "ஓமோ? இவவோ எறிஞ்சது?"

யாகப்பர் வாயிலிருந்த இரத்தத்தை விழுங்கினார். "முரல்" என்றார்.

அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. பெரியவன் துவக்கைத் தாழ்த்தினான். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் எடித் மணலிலிருந்து எழும்பியிருந்தாள்.

"நீயாடி?"

"எடித், கேள்..."

"என்ர மனுசன்ர கண்ணை எடுத்தவள் நீயாடி! பன்னிரண்டு நாளும் என்னோட வந்து இருந்து செபமாலை சொன்னனியேடி!"

மதலேனாவின் கொண்டையைப் பிடித்து அவள் முகத்தை மணலில் தேய்த்தாள். மதலேனா முதலில் பேசாமல் வாங்கினாள். பிறகு அவளும் கத்தினாள். "நான் அவனுக்கு எறிஞ்சனான்! என்ர பிள்ளையைத் திண்டவனுக்கு எறிஞ்சனான்! உன்ர மனுசனுக்கு இல்லை!"

"அவன்ர கண் அவனிட்டத்தான் கிடக்கு! என்ர மனுசன்ர கண் எங்கயடி?"

சனம் பாய்ந்து விழுந்தது. பெண்கள் இரண்டாகப் பிரிந்து இழுத்தார்கள். என் அம்மாவும் என்னை விட்டுவிட்டு ஓடினாள். எடித்தின் பிடி விடவில்லை. ஒரு பிடி மயிர் தோலோடு வந்தது. "அக்கா, விடுங்கோ... அம்மா, விடுங்கோ" என்று பெரியவன் துவக்கை மரத்தில் சாத்திவிட்டு இருவருக்கும் நடுவில் புகுந்தான். எடித் அவன் கன்னத்தில் ஒன்று கொடுத்தாள். மற்றப் பொடியன்கள் இருவரும் அவனை இழுக்கப் போனார்கள்.

யாகப்பர் மரத்தில் கட்டுண்டபடி நின்றார். பக்கத்தில் சாத்தியிருந்த துவக்கு அவருடைய முறிந்த கையில் உரசிக்கொண்டிருந்தது. அவரை யாரும் பார்க்கவில்லை.

"எடித்," என்றார். பல் போன வாயில் சத்தம் சரியாக வரவில்லை. இன்னும் உரத்துக் கூப்பிட்டார். "எடித்! அடிக்கிறதெண்டா அடி. முதல் என்னை அவிழ்த்துப்போட்டு அடியடி!"