அம்மா நடக்கப் போன பூங்கா

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் அம்மாவுக்கு ஒரு நோய் வந்தது. அதற்கு யாராலும் பெயர் சொல்ல முடியவில்லை. தேவதானத்தில் வயலும் தோப்புமாக வளர்ந்தவள் அவள். என் படிப்புக்காக ராஜபாளையத்தில் ஒரு மாடி வீட்டுக்குக் குடி வந்திருந்தோம். அப்பா ராணுவத்தில் இருந்தார். லீவு கிடைத்தால்தான் வருவார். குடிவந்த சில மாதங்களிலேயே அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு அதன் முன்னால் அப்படியே உட்கார்ந்திருப்பாள். ரத்தம் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கடைசியில் டாக்டரம்மா மாத்திரைகளை நிறுத்திவிட்டு, "காலையில கொஞ்சம் நடங்க, நாலு மனுசங்களப் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாத்திரை தராத டாக்டர் என்ன டாக்டர் என்று எனக்குக் கோபம்.

அம்மா ஒரே ஒரு நாள் நடக்கப் போனாள். மில் பஸ் ஒன்று முதுகுக்குப் பின்னால் ஹாரன் அடித்ததில் சுவரோரமாக ஒட்டி நின்றவள், அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். மறுநாள் போகவில்லை.

இத்தனைக்கும் எங்கள் காலனிக்குள்ளேயே ஒரு பூங்கா இருந்தது. மனை பிரிக்கும்போதே பூங்காவுக்கென்று விட்ட இடம். வெகுகாலம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்ததை நகராட்சியில் சுத்தம் செய்து, நடைபாதை போட்டு, ஊஞ்சல் கட்டி, ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். பராமரிப்பைக் காலனிச் சங்கத்தின் தலைவர் ஏற்றுக்கொண்டார். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு செடிக்கும் தன் கையால் தண்ணீர் ஊற்றுவார். அதனாலேயே பூங்காவைப் பெரும்பாலும் பூட்டியே வைத்திருந்தார். வெயில் கொளுத்தும் நாலு மணிக்குத் திறந்து, ஆறு மணிக்கு விசில் ஊதிவிடுவார். புல்லில் நடக்கக் கூடாது, பூப்பறிக்கக் கூடாது, பந்து கொண்டுவரக் கூடாது என்று திரும்பிய பக்கமெல்லாம் பலகைகள். உள்ளே என்ன செய்யலாம் என்றுமட்டும் ஒரு பலகையிலும் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் ஏட்டாக இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, லீவு நாளில் எங்களைப் பார்க்க வந்தாள். நிலைமையைக் கேட்டதும் தலைவர் வீட்டுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். காலையில் ஒரு மணி நேரமாவது திறந்துவிடும்படி நயமாகவே கேட்டாள்.

"செடியெல்லாம் இப்பத்தாம்மா தழைச்சு வருது. ஆளு நடமாட்டம் கூடுனா தாங்குமா? கம்பிக்கு வெளிய நின்னு பாருங்க, மனசு குளுந்துரும்" என்றார் தலைவர்.

"திருடனத் திருத்திரலாம், இவியளத் திருத்த முடியாது" என்று அத்தை வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் தலைவரே எங்கள் வீட்டுப் படியேறினார். சென்னையிலிருந்து ஓர் அதிகாரி பூங்காவைப் பார்க்க வருகிறாராம். ஜனங்களுக்குப் பயன்படுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பக்கத்துக் காலனியில் காலியாகக் கிடக்கும் இடத்தையும் பூங்காவாக்குவார்களாம். "சனிக்கெழம காலைல ஆறு மணிக்கு எல்லாரும் வந்துருங்க. தெனமும் நடக்குறவங்க மாதிரி நடக்கணும்" என்று கேட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலையே அத்தை வந்து இறங்கிவிட்டாள்.

"எனக்கு ஏலாது மதினி" என்றாள் அம்மா.

"ஏட்டி, சும்மா வந்து நில்லு. நிக்கதுக்கு என்ன?"

சனிக்கிழமை காலை பூங்காவில் திருவிழாக் கூட்டம். தலைமுடிக்குச் சாயம் பூசி வந்த தாத்தாக்கள், புடவைக்குக் கீழே மகனின் ஷூவைப் போட்டு வந்த பெரியம்மாக்கள். நான் ஊஞ்சலைப் பிடித்துக்கொண்டேன். அம்மா முதலில் வேப்பங்கன்றுக்குப் பக்கத்தில் நின்றாள். கீழ்வீட்டு அக்கா கையைப் பிடித்து இழுக்கவும் நடக்கத் தொடங்கினாள். முதல் சுற்று மெதுவாக. அப்புறம், வரப்பில் நடந்த கால் அல்லவா, எல்லாரையும் முந்திக்கொண்டு போனாள். தேவதானத்துக்குப் பக்கத்துச் சேத்தூர்ப் பெண் ஒருத்தி துணை சேர்ந்துகொண்டதும் பேச்சும் வந்தது.

அதிகாரிக்கும் அவள் வேகம்தான் கண்ணில் பட்டிருக்க வேண்டும். நேராக அம்மாவிடம் வந்தார்.

"தினமும் வருவீங்களாம்மா?"

அவருக்குப் பின்னால் நின்ற தலைவர், ஆமாம் என்று சொல்லும்படி தலையை வேகவேகமாக ஆட்டினார். அம்மா இருவரையும் பார்த்தாள்.

"எங்க சார்? காலைல இன்னைக்குத்தான தொறந்திருக்காவ."

கூட்டம் அப்படியே நின்றது. அம்மா நிறுத்தவில்லை. "அஞ்சரைக்குத் தொறந்தா தெனமும் வருவேன். பிள்ளைக்குச் சோறாக்குமுன்ன ஒரு நட நடந்துட்டுப் போயிருவேன். ரோட்டுல நடக்க பயமா இருக்கு சார்."

அத்தை விரைந்து வந்து அம்மாவின் தோளைப் பிடித்தாள். அதிகாரியிடம் எதிர்த்துப் பேசியதற்காக அம்மாவைக் கைது செய்கிறாள் என்று நினைத்து நான் ஊஞ்சலிலிருந்து குதித்து அழுதுகொண்டே ஓடினேன். அத்தையோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி தலைவர் பக்கம் திரும்பினார். "இவ்வளவு அழகா வளர்த்திருக்கீங்க. யாருக்காக?"

தலைவரின் முகம் சிறுத்துவிட்டது. "செடி வீணாப் போயிருமேன்னு பயந்துட்டேன் சார்."

"செடி போனா வேற செடி நட்டுக்கலாம்" என்றார் அதிகாரி. பிறகு எந்த நேரம் வசதி என்று பெண்களிடம் கேட்டார். எல்லாரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

திங்கட்கிழமை முதல் ஐந்தரைக்குப் பூங்கா திறந்தது. தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு தலைவரே வந்து திறந்தார். கொஞ்ச நாளில் அவரும் பெண்களுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினார். புல்லில் ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்தது. அவர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொண்டார். அடுத்த காலனியிலும் வேலை ஆரம்பமாயிற்று.

எனக்குத்தான் கஷ்டகாலம். விழித்தால் வீட்டில் அம்மா இல்லை. வந்ததும் அவசர அவசரமாகச் சடை பின்னுவாள். பள்ளிக்கூடம் போவதற்குள் அவிழ்ந்துவிடும். சாயங்காலம் சேத்தூர்க்காரியோடு படிக்கட்டில் உட்கார்ந்து தெருவே கேட்கும்படி சிரிப்பாள். வீட்டுப்பாடம் சொல்லித்தர ஆளில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் கூப்பிட்டபோது எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அம்மா வீட்டுலயே இருக்கிறதில்லப்பா. எப்பப் பாத்தாலும் சத்தமாச் சிரிக்கா."

"நெசமாவா? சிரிக்காளா?" என்று கேட்டார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நான் இன்னும் கொஞ்சம் கூட்டியே சொன்னேன். அவர் குரல் கரகரத்தது. கோபம் என்று நினைத்தேன். லீவில் வந்ததும் அம்மாவுக்கு இருக்கிறது என்று காத்திருந்தேன்.

அப்பா வந்தார். பெட்டியைத் திறந்தார். ராணுவ கேன்டீனில் வாங்கிய ஒரு ஜோடி வெள்ளை ஷூவை எடுத்து, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தானே அவள் காலில் மாட்டி, கயிற்றைக் கட்டிவிட்டார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட இவர் காதில் விழவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, அன்று முழுக்க அவரோடு பேசாமல் இருந்தேன்.