களி வேகாத வீடு

எங்கள் வீட்டில் மார்க்கெட்டுக்குப் போகிறவனும் நான், அடுப்பில் நிற்கிறவனும் நான். மனைவிக்கு ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடும். எனக்குத் திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டுக் கொடுக்கிற வேலை, அதுவும் மதியத்துக்கு மேல்தான். ஆகவே காலை நேரம் முழுக்க என் ராஜ்ஜியம். கல்யாணமான புதிதில் எனக்கு வெந்நீர் மட்டும்தான் வைக்கத் தெரியும். மகள் டப்பா கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற வயது வந்தபோது சாம்பார், ரசம், இரண்டு விதமான பொரியல் வரைக்கும் தேறியிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

அந்தத் தலைக்கனத்தை இறக்கி வைத்தவள் அம்மா. நாங்கள் நைனா என்று கூப்பிடுகிற அப்பா காலமான பிறகு, நாகலாபுரம் பக்கத்தில் எங்களுக்கிருந்த அரை ஏக்கரைக் குத்தகைக்கு விட்டுவிட்டு எங்களோடு வந்து சேர்ந்தாள். வந்த மறுநாளே என் காய்கறிப் பையைப் பிடுங்கிக் கூடத்தின் நடுவே கவிழ்த்தாள். கீழே ஒரு பழைய தெலுங்குப் பேப்பரை விரித்துக்கொண்டு, ஒவ்வொரு காயாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வெண்டைக்காயின் நுனியை ஒடித்தாள், அது ஒடியாமல் வளைந்தது. பீர்க்கங்காயை நகத்தால் கீறினாள், நகம் இறங்கவில்லை.

"கண்ண ஊட்டுலயே வெச்சிட்டுப் போனியாடா?" என்றாள்.

காய்க்காரம்மாவிடம் நான் தெலுங்கில் ஒவ்வொரு காயையும் இளசா என்று கேட்டுத்தான் வாங்கியிருந்தேன். இளசுதான் என்று அந்த அம்மாவும் சொல்லியிருந்தாள். விற்கிறவள் வேறு என்ன சொல்வாள் என்று அம்மா கேட்டாள். அன்றிலிருந்து தினமும் இந்தப் பரிசோதனை நடந்தது. லாட்ஜில் ஆதார் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நான், வீட்டில் கத்தரிக்காய்க்குப் பதில் சொல்லிக்கொண்டு நின்றேன். எரிச்சலாக வரும். இப்போது பையை நானே பிரித்து நானே கூடையில் போட்டுக்கொள்கிறேன், யாரும் கவிழ்த்துப் பார்ப்பதில்லை. அந்த எரிச்சலுக்காக ஏங்குவேன் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

அப்போதெல்லாம் மாத ஆரம்பத்தில் ரேஷன் வண்டி தெருவுக்கே வரும். அரிசியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தால் அதற்குப் பதில் கேழ்வரகு தருவார்கள். வண்டிக்காரர் ஒவ்வொருவரையும் "பிய்யமா, ராகுலா?" என்று கேட்பார், அரிசியா கேழ்வரகா என்று. எங்கள் முறை வந்ததும், அவர் கேட்டு முடிப்பதற்குள் அம்மா தெரு முனை வரைக்கும் கேட்கிற மாதிரி "அந்தா பிய்யமே" என்பாள், எல்லாமே அரிசிதான் என்று. அவள் தடுமாறாமல் பேசிய தெலுங்கு அந்த இரண்டு வார்த்தைதான். நானும் மனைவியும் வீட்டுக்குள் வந்து அதை அப்படியே சொல்லிக்காட்டிச் சிரிப்போம்.

ஒரு மழை மாதத்தில் நானும் அம்மாவும் சேர்ந்து மார்க்கெட்டுக்குப் போனோம். புதுச் செருப்பின் வார், அவள் இடது காலின் சுண்டு விரலைக் கடித்துவிட்டது. மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டாள். ஒரு மாதமாகியும் புண் ஈரமாகவே இருந்தது. டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, எத்தனை வருஷமாக இருக்கிறதோ தெரியவில்லை என்றார். ஊசியும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். மூன்று வேளையும் வெள்ளைச் சோறு கூடாது, கீரையும் பயறும் நிறைய, ஒரு வேளையாவது சின்னதாக ஒரு கேழ்வரகுக் களி உருண்டை, அதுவும் அளவோடு என்றார். இப்படியே விட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்பதை என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

வெளியே வந்தபோது எனக்குப் பாதி பயம், பாதி நிம்மதி. களிதானே, அதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். வழியில் பெரிய கடை ஒன்றில் கேழ்வரகு மாவு வாங்கினேன். உறையில் மலையும் சூரியனும் படம் போட்ட பாக்கெட். வழக்கம்போல அம்மா பையைக் கவிழ்த்தாள். காய்களை வகை பிரித்தாள். மாவுப் பாக்கெட்டை மட்டும் இரண்டு விரலால் பேப்பருக்கு வெளியே தள்ளிவிட்டாள்.

"இது இந்த ஊட்ல வேகக்கூடாது."

எங்கள் வீட்டில் களி வேகாது என்பது எனக்கும் தெரியும். சுற்றி இருந்த வீடுகளில் எல்லாம் வெந்தது, எங்கள் வீட்டில் மட்டும் வேகவில்லை. அதற்கு நைனா ஒரு கதை சொல்வார். நாங்கள் முதலில் நிலம் இல்லாதவர்கள். அரை ஏக்கர் கைக்கு வந்து, அதில் முதல் நெல் விளைந்த அன்றைக்கு, அம்மா களி கிண்டும் துடுப்பை அடுப்பில் வைத்து எரித்து அந்தத் தீயில் புது அரிசிச் சோறு ஆக்கினாளாம். நைனா இதை வேடிக்கையாகத்தான் சொல்வார். நானும் வேடிக்கையாகத்தான் கேட்டேன். ஏன் எரித்தாள் என்று கேட்கத் தோன்றவேயில்லை.

எனக்குப் புத்தி வேறு பக்கம் போயிற்று. தோசை மாவில் ரகசியமாகக் கேழ்வரகு மாவைக் கலந்து ஊற்றினேன். கோதுமை தோசை என்று சொல்லி வைத்தேன். அம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயருகே கொண்டுபோனவள் அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். கை கழுவி, தண்ணீர் குடித்து, பாயில் போய்ச் சுருண்டுகொண்டாள். நான் அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

"உனுக்கு வீம்பு பெருசா, காலு பெருசா? நாளைக்கு வெரல எடுத்துட்டா யாரு உன்ன தூக்கினு திரியறது?" என்று கத்தினேன்.

விரல் விஷயம் அதுவரை அவளுக்குத் தெரியாது. ஒரு மகன் தாயிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே வெறுப்பு வருகிறது. மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அப்போ எனுக்கு எட்டு வயசு இருக்கும். பெரிய ஊட்டு கொல்லையில களையெடுக்கப் போவோம். மதியத்துக்கு களி தருவாங்க. தட்டு கெடையாது. பாவாடைய ஏந்திக்கினு நிப்பேன், மேல இருந்து போடுவாங்க. சூடு துணியத் தாண்டி தொடைல சுடும். கீழ வெச்சா மண்ணு. ஆறுற வரைக்கும் ஏந்திக்கினே நிப்பேன்டா."

பிறந்ததிலிருந்து மூன்று வேளையும் சோறு தின்று வளர்ந்தவன் நான். அந்தச் சோறு அவளுக்கு என்னவாக இருந்தது என்று ஒரு நாளும் எனக்குத் தெரியாமல் போயிற்று. மாவுப் பாக்கெட்டை எடுத்து மேல் அலமாரியில் வைத்தேன்.

அதன் பிறகு களி என்ற பேச்சையே விட்டேன். கொள்ளு ரசம் வைத்தேன். தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, புளிச்சகீரை என்று மாற்றி மாற்றிக் கடைந்தேன். கோவைக்காயைப் பேருக்கு எண்ணெய் காட்டி வதக்கினேன். சோற்றைக் குறைத்து காயைக் கூட்டிப் போட்டேன். அம்மா மறுபேச்சில்லாமல் சாப்பிடுவாள். நான் லாட்ஜுக்குக் கிளம்பியதும் சமையலறைக்குள் போய்ச் சோற்றுப் பானையைத் திறப்பாள். சாயங்காலம் பானையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அடுத்த முறை ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை பேருக்குத்தான் இறங்கியிருந்தது. டாக்டரம்மா இன்னும் ஒரு மாதம் பார்க்கலாம் என்றார்.

வழி கண்டுபிடித்தவள் மனைவி. அவள் கங்காதர நெல்லூர் பக்கத்துக்காரி. அவள் பிறந்த வீட்டில் களியும் வேர்க்கடலைச் சட்னியும் என்றால் ஞாயிற்றுக்கிழமை விசேஷம். அவள் என்னைப் போல் சுற்றி வளைக்காமல் அம்மாவிடமே நேராகப் போய், தனக்குக் களி மேல் ஆசையாக இருக்கிறது, செய்துகொள்ளட்டுமா என்று கேட்டாள். விடிவதற்கு முன் எழுந்து வேலைக்கு ஓடுகிற மருமகளிடம் அம்மாவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. ஆசை என்றால் செய்துகொள் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் கிண்டினேன், சோற்றுக் கரண்டியால். தண்ணீர் ஒரு பக்கம், மாவு ஒரு பக்கம், நடுவில் நெல்லிக்காய் நெல்லிக்காயாகக் கட்டி. கூடத்தில் இருந்த அம்மா கரண்டிச் சத்தத்தை எவ்வளவு நேரம் பொறுத்தாளோ, காலைச் சாய்த்துச் சாய்த்து வந்து நின்றாள். கரண்டியில் கிண்டினால் கட்டி தட்டாமல் என்ன செய்யும் என்று திட்டினாள். சப்பாத்திக் கட்டையைக் கழுவி எடுத்தாள். பானையைக் கீழே இறக்கி என்னைத் துணி வைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, தோளை வளைத்துக் கிண்டினாள். முப்பது வருஷத்துக்கு மேல் தொடாத வேலை. ஐந்தே நிமிஷத்தில் கட்டியெல்லாம் உடைந்து பானையில் பளபளவென்று ஒரே உருண்டையாகத் திரண்டது. கையை நனைத்து நனைத்து மூன்று உருண்டை பிடித்து மூன்று தட்டில் வைத்தாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். பானையில் மிச்சமிருந்ததைச் சின்னதாக உருட்டி, வாசற்படி அருகே நின்றுகொண்டிருந்த அம்மாவிடம் நீட்டினேன், கை நீட்டும்மா, கொஞ்சம் பார் என்று. அவள் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டாள். போய்ப் பழைய சோறு போட்டுத் தின்றாள். இவளுக்கு இன்னும் என்ன வீம்பு என்றுதான் எனக்குத் தோன்றியது.

மதியம் மனைவி தாழ்ந்த குரலில் கேட்டாள். "நிக்கிறவங்க கையில கொண்டுபோயி போடறியே. அத்த சொன்னத நீதானே என்கிட்ட சொன்னே?"

எனக்குச் சுரீர் என்றது. எங்கள் மூன்று பேருக்கும் அம்மா தட்டில் வைத்தாள். அவளுக்கு ஒரு தட்டு வைக்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மாதான் கிண்டினாள், யாரும் கேட்காமலே. நான் நான்கு தட்டு எடுத்து வைத்தேன். விருந்தாளி வந்தால் மட்டும் இறக்குகிற பெரிய எவர்சில்வர் தட்டு அம்மாவுக்கு. கால் தொங்காமல் இருக்க நாற்காலிக்கு முன் ஒரு முக்காலி போட்டேன். மனைவி அவளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்தாள். முதல் உருண்டையை அம்மாவின் தட்டில் வைத்தேன். மனைவி சுற்றிக் கீரைக் கடைசலை ஊற்றினாள். சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அங்கே நிற்க முடியாமல், தண்ணீர் எடுக்கிற சாக்கில் உள்ளே போனேன். திரும்பி வந்தபோது உருண்டையில் ஒரு ஓரம் குறைந்திருந்தது. அம்மா ஒரு துண்டைக் கீரையில் புரட்டி விழுங்கினாள்.

"உப்பு கம்மி" என்றாள்.

நான் உப்பு எடுக்கப் போய், சமையலறையிலேயே நின்று அழுதுவிட்டு வந்தேன்.

புண் ஆற மூன்று மாதம் பிடித்தது. ஊசிக்கு எவ்வளவு பங்கு, மாத்திரைக்கு எவ்வளவு, களிக்கு எவ்வளவு என்றெல்லாம் எனக்குத் தெரியாது. விரல் தப்பித்தது. மதியத்துக்குச் சோறு ஒரு கை, ராத்திரிக்குக் களி ஒரு சின்ன உருண்டை என்று அம்மா தனக்குத்தானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள். பானை திறப்பது நின்றது.

அடுத்த மாத ஆரம்பத்தில் ரேஷன் வண்டி வந்தது. தெருவே பையும் சாக்குமாக நின்றது. நானும் துணிப்பையோடு போய் வரிசையில் நின்றேன். எங்கள் முறை வருகிற நேரத்துக்கு அம்மா கேட்டைத் திறந்துகொண்டு மெதுவாக வந்தாள். இடுப்பில் ஒரு எவர்சில்வர் குண்டான். நைனா அவளுக்கு வாங்கிக் கொடுத்து அவள் பேர் வெட்டின குண்டான் அது. வண்டிக்காரர் வழக்கத்தை மாற்றாமல், "அந்தா பிய்யமேனா?" என்று அவரே கேட்டுச் சிரித்தார்.

"ராகுலு கூடா" என்றாள் அம்மா, கேழ்வரகும் வேண்டும் என்று. எப்போதும்போல் தெரு முனை வரைக்கும் கேட்டது.

அவர் அரிசியை அளந்து என் பையில் போட்டார். அடுத்துக் கேழ்வரகை எடுத்தபோது நான் இன்னொரு பையை விரித்துப் பிடித்தேன். அம்மா என் கையை விலக்கினாள்.

"துணில வேணாம். இதுல போட சொல்லு."

கேழ்வரகு சரசரவென்று குண்டானுக்குள் விழுந்தது. பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மூடியைப் போட்டு, யாரையும் பார்க்காமல், குண்டானை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் தூக்கி வருகிறேன் என்றேன், கொடுக்கவில்லை.

இப்போது அம்மா சித்தூரில் அக்கா வீட்டில் இருக்கிறாள். அக்காவுக்கு இடுப்பு வலி, கூடமாட ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. காலையில் போன் வரும், பையில் என்ன இருக்கிறது என்று கேட்பாள், வெண்டைக்காயின் நுனி ஒடிந்ததா என்று கேட்பாள். ஒடிந்தது என்பேன். நம்பமாட்டாள். ரேஷன் வண்டி இப்போது வருவதில்லை, மறுபடியும் ரேஷன் கடைக்கே போக வேண்டியிருக்கிறது. போகும்போது அவள் குண்டானை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். மாதம் பிறந்தால் என் ஸ்கூட்டரின் முன்பக்கம் அதை வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறேன். கேழ்வரகுக்கு ஒரு பை கொண்டுவந்தால் ஆகாதா, இவ்வளவு பெரிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறாயே என்று கடைக்காரர் ஒவ்வொரு மாதமும் கேட்கிறார். நான் மூடியைத் திறந்து குண்டானை நீட்டுகிறேன்.